எத்தனை விரல் காட்டினார்?

புதுப்பட்டினம்
10.11.2024

அன்புத் தம்பி ஜெபக்குமாருக்கு,

அக்கா செல்லம்மா எழுதுவது. கர்த்தர் எங்களை இந்த மழைக்காலத்திலும் காய்ச்சல் இருமல் இல்லாமல் வைத்திருக்கிறார். நீயும் சரோஜாவும் சிநேகாவும் அங்கே சுகம்தானே? நாக்பூரில் குளிர் ஆரம்பித்திருக்கும். காதுக்குத் துணி கட்டாமல் வண்டி ஓட்டாதே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். எங்கள் வீடு இரண்டே அறை. நான் சமையலறையில் கிசுகிசுத்தாலும் மாமா காதில் விழும். இது அவருக்குத் தெரியக் கூடாத விஷயம்.

பாலாறு பேஸ்பால் மன்றத்துக்கு நாற்பது வருஷம் ஆகிறதாம். செங்கல்பட்டில் கட்டியிருக்கும் புது ஹாலில் 'புகழ்ச்சுவர்' என்று ஒன்று வைக்கிறார்கள். பழைய ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேருடைய படமும் பேரும் பித்தளைத் தகட்டில் வருமாம். மார்ச் பதினாறு விழா. பட்டியலை என் பெண் கவியா போனில் காட்டினாள். முதல் பேரே உன் பேர். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அப்புறம் அடிவரைக்கும் தேடினேன். மாமா பேர் இல்லை.

ஏழு வருஷம் உனக்குக் கேட்சராகக் குந்தி உட்கார்ந்த மனுஷன். வெல்டிங் பட்டறையில் கம்பி வளைத்துச் செய்த முகமூடி, வலை மிதவையை வெட்டித் தைத்த மார்புக் கவசம், இதைப் போட்டுக்கொண்டுதானே நீ வீசிய அத்தனை பந்தையும் வாங்கினார்? கவியா விண்ணப்பம் போடட்டுமா என்று கேட்டதற்கு, 'என் பேரு எங்கயும் குடுக்காத' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு வாட்டர் டேங்க் டியூட்டிக்குப் போய்விட்டார்.

நான் விடவில்லை. செங்கல்பட்டு போய் மன்றச் செயலாளர் கிருபாகரனைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் உங்கள் ஆட்டத்துக்கெல்லாம் ஸ்கோர் எழுதிய அதே கிருபாகரன். தொண்ணூற்றிரண்டாம் வருஷ இறுதி ஆட்டத்தில் கடைசிப் பந்தை என் வீட்டுக்காரர் தாவீது விட்டதால்தான் கோப்பை போனது, நோட்டில் 'கேட்சர் தவறு' என்று இருக்கிறது, அதனால் கமிட்டியில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்றார். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். "அந்தப் பந்தைப் போட்டவரு ஜெபா. அவரே கைப்பட எழுதிக் குடுத்தா பேசிப் பாக்கலாம்மா. ஜனவரி முப்பத்தொண்ணுக்குள்ள வந்துடணும்."

நீ எழுது தம்பி. கடைசிப் பந்தில் நடந்ததை எழுது. வீட்டுக்கு அனுப்பாதே. நான் ஆயா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது.

உன் பதிலுக்கு வழி பார்த்திருக்கும்
அக்கா செல்லம்மா

---

நாக்பூர்
24.11.2024

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

ஜெபக்குமார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூவரும் நலம். மாமாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? கவியா இன்னும் சிறுசேரி ஆபீசுக்குப் பஸ்ஸில்தான் போய் வருகிறாளா?

நிற்க, உன் கடிதம் கிடைத்தது. இதை நீ கேட்க வேண்டுமா அக்கா? கண்டிப்பாக எழுதி அனுப்புகிறேன். மாமாவுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யப்போகிறேன்? ஆபீசில் வேலை கொஞ்சம் நெருக்குகிறது. ஏப்ரலில் எனக்குப் பதவி உயர்வு வரவேண்டியது, அதற்கான ஃபைல் இப்போதுதான் மேலே போயிருக்கிறது. இரண்டு வாரத்தில் கடிதம் உன் கையில் இருக்கும்.

சிநேகா உனக்கு ஆரஞ்சு மிட்டாய் அனுப்பச் சொல்கிறாள்.

என்றும் உன் தம்பி
ஜெபக்குமார்

---

நாக்பூர்
18.12.2024

அன்பு அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். கிறிஸ்துமஸ் வேலையில் இருப்பாய். நீ கேட்ட கடிதத்தைக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

ஜெபக்குமார்

(இணைப்பு)
செயலாளர் அவர்களுக்கு: திரு. தாவீது அவர்களுடன் 1985 முதல் 1992 வரை விளையாடியுள்ளேன். அவர் ஒழுக்கமானவர். நேரம் தவறாதவர். பயிற்சிக்கு ஒருநாளும் விடுப்பு எடுக்காதவர். அணியின் ஒற்றுமைக்குப் பாடுபட்டவர். அன்னாரைத் தாங்கள் பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

---

புதுப்பட்டினம்
29.12.2024

தம்பி ஜெபக்குமாருக்கு,

பண்டிகை முடிந்தது. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். சிநேகாவுக்கு என் முத்தம்.

உன் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி மறுபடி செங்கல்பட்டு போனேன். கிருபாகரன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். "எல்லாத்தையும் எழுதிக்கீறாரு, அந்தப் பந்தைத் தவிர" என்றார். என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

என்னடா இது? வாட்ச்மேன் வேலைக்குப் போகிறவனுக்குக் கொடுக்கும் நற்சான்றிதழா? ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர். இதை நான் உன்னிடம் கேட்டேனா? சரி சரி என்று எழுதிவிட்டு வேறு ஒன்றை அனுப்பியிருக்கிறாய்.

உனக்கு ஒன்று தெரியுமா? புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மாமாவுக்கு இன்னும் 'ஓட்டக்கை தாவீது' என்றுதான் பேர். மீன் வாங்கும்போதுகூட, கையில் வாங்காதே விட்டுவிடுவாய், பையில் வாங்கு என்று சிரிக்கிறார்கள். முப்பத்து மூன்று வருஷமாக அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார். வீட்டுக்கு வந்து சிரிக்க மாட்டார்.

அந்தப் பந்தில் என்ன நடந்தது? நேராக எழுது.

அக்கா

---

நாக்பூர்
08.01.2025

அன்பு அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். உன் கோபம் புரிகிறது. மாமா மேல் எனக்கு மரியாதை இல்லாமல் இல்லை.

நிற்க, அது ஒரு நொடியில் நடந்தது அக்கா. இத்தனை வருஷம் கழித்து யார் என்ன சொன்னாலும் நோட்டு நோட்டுதான். ஆனாலும் எனக்கு ஒரு யோசனை. அன்றைக்குச் சாயங்கால வெயில் பந்து வீசும் பிட்சர் பக்கத்திலிருந்து நேராகக் கேட்சர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது என்று நான் எழுதித் தருகிறேன். வெயிலில் கண் கூசினால் யாருக்கும் பந்து தெரியாது. மாமா பேரிலும் குற்றம் வராது, யார் பேரிலும் வராது. உனக்குச் சம்மதம் என்றால் ஒரு வரி எழுது, மறுநாளே அனுப்புகிறேன்.

இதையெல்லாம் கிளறுவதால் யாருக்கு நிம்மதி வரப்போகிறது?

உன் தம்பி
ஜெபக்குமார்

---

புதுப்பட்டினம்
15.01.2025

ஜெபக்குமாருக்கு,

நலம் விசாரிப்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

உன் வெயில் யோசனையை நம்பித்தான் நேற்று முன்தினம் கிருபாகரன் வீட்டுக்குப் போனேன். பழைய நோட்டை எடுத்து விரித்தார். 12.1.92, ஞாயிறு. அவருடைய சின்னக் கையெழுத்தில் மேலேயே இருக்கிறது: 'மேகமூட்டம். தூறலால் அரை மணி நேரம் ஆட்டம் நின்றது.' அன்றைக்கு வெயிலே இல்லை தம்பி. நான் வெட்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

போனதும் போனேன், எனக்குப் புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்சர் முழங்காலுக்கு நடுவில் விரல் காட்டுவாராமே. ஒரு விரல் என்றால் வேகப்பந்து, இரண்டு விரல் என்றால் மெதுவாக வந்து கீழே விழுகிற பந்து. பிட்சர் சரி என்று தலையாட்டினால் அதைத்தான் போட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று தலையை அசைக்கலாம், கேட்சர் வேறு காட்டுவார். வேகப்பந்துக்குக் கிளவுஸ் மேலே இருக்கும், கிளவுஸ் இல்லாத வெறும் வலது கையை மடக்கிப் பின்னால் வைத்துக்கொள்வார்கள். கீழே விழுகிற பந்துக்குத்தான் கிளவுஸைத் தரையில் வைத்து, பந்து ஓடிவிடாமல் வெறும் கையையும் பக்கத்தில் கொண்டுவருவார்கள். இவ்வளவையும் குந்தி உட்கார்ந்து காட்டினார் அந்த மனுஷன், முட்டிவலியோடு.

காட்டிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். "அன்னிக்கு அந்தப் பந்துல தாவீதுக்கு உடைஞ்சது வலது கட்டைவிரலு" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "அவன் இன்னா காட்டினான்னு எனக்குத் தெரியாதும்மா. நான் சைடுல குந்திகினு இருந்தேன். ஜெபாவுக்குத்தான் தெரியும்" என்றார்.

வீட்டுக்கு வந்து மாமாவிடமே கேட்டுவிட்டேன். அன்றைக்கு உடைந்து, பிறகு வால்வு திருப்பித் திருப்பி இன்னும் வளைந்த அந்த விரலைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு எத்தனை விரல் காட்டினீர்கள் என்று கேட்டேன். கையை உருவிக்கொண்டார். "பந்து என் கைக்கு வந்துது. நான் புடிச்சிருக்கணும். அவ்ளோதான்" என்றார். இராச் சாப்பாடு சாப்பிடவில்லை.

உன்னிடம் இனி பெரிய கடிதம் கேட்கவில்லை. ஒரு கார்டில் ஒரே ஒரு எண் எழுது. ஒன்றா, இரண்டா?

செல்லம்மா

---

புதுப்பட்டினம்
22.01.2025

ஜெபா,

ஒன்பது நாள்தான் இருக்கிறது. தபால்காரர் வரும் நேரத்துக்குப் பள்ளிக்கூட கேட்டில் நிற்கிறேன். டீச்சர்கள் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

நீ எழுதவில்லை என்றால் அதுவும் எனக்கு ஒரு பதில்தான். அதன் பிறகு இந்த முகவரிக்கு நீ எழுத வேண்டாம். வீட்டுக்கும் வேண்டாம்.

செல்லம்மா

---

நாக்பூர்
26.01.2025

அக்கா,

இரண்டு.

மாமா இரண்டு விரல் காட்டினார். கடைசி இன்னிங்ஸ். நாம் ஒரு ரன் முன்னால் இருந்தோம். எதிரணியில் இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பேஸ்களில் ஓடத் தயாராக நின்றார்கள். அடிக்க நின்றவன் இரண்டு தடவை சுற்றிவிட்டான். மூன்றாவதும் தவறவிட்டு அதைக் கேட்சர் பிடித்தால் கோப்பை நம்முடையது. மெதுவான பந்தை அன்றைக்கு ஒருத்தனாலும் தொட முடியவில்லை. மாமா காட்டியது சரியான சைகை. எனக்கே அது தெரியும்.

வலைக்குப் பின்னால், ஆட்டக்காரர்களைப் பொறுக்க வந்த வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். வேகம் போடுகிற ஆளைத்தான் தேடுகிறார் என்று முதல்நாளே பேச்சு. மெதுவான பந்தைப் பார்த்து யார் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். மாமாவைப் பார்த்துத் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு, என்னிடம் இருந்த வேகத்தையெல்லாம் சேர்த்துப் போட்டேன்.

அவன் மட்டையில் படவில்லை. மாமாவின் கிளவுஸ் தரையில் இருந்தது. பந்து மேலே வந்தது. அவர் கையைத் தூக்கினார், கட்டைவிரலில் பட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. பந்து வலைவரைக்கும் ஓடியது. ரன் எடுக்க அவர்கள் வந்து தொடும் ஹோம் பேஸைப் பிட்சர் ஓடிப்போய்க் காக்க வேண்டும் அக்கா, அது பிட்சர் வேலை. நான் ஓடவில்லை. தேர்வாளர் ஏதோ எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா உடைந்த விரலோடு பந்தைத் தேடி எடுப்பதற்குள் இரண்டு பேரும் வந்து தொட்டுவிட்டார்கள்.

கட்டுப் போடும்போது மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். "விடு மச்சான்" என்றார். இருபதாம் நாள் எனக்குத் தேர்வு முகாமுக்கு அழைப்பு வந்தது. அதிலிருந்து விளையாட்டு ஒதுக்கீட்டில் இந்த வேலை. வீட்டு ஷோகேஸில் எனக்கென்று கொடுத்த தனிக் கோப்பை இருக்கிறது, 'சிறந்த பிட்சர் 1992'. சிநேகா தினமும் துடைத்து வைக்கிறாள்.

நான் பயந்தேன். இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. இதை யாராவது என் ஆபீசுக்கு எழுதிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்துத்தான் இத்தனை நாள் ஓட்டினேன். நேற்று சரோஜாவிடம் சொன்னேன். அவள் பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

இதையே கமிட்டிக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக் காலை தபாலாபீஸ் திறந்ததும் இரண்டையும் உன் பேருக்கே ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன்.

ஜெபா

---

புதுப்பட்டினம்
20.02.2025

ஜெபக்குமாருக்கு,

உன் கடிதம் முப்பதாம் தேதி வந்தது. அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். உடனே உனக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் மூன்று வாரம்.

ஒன்பதாம் தேதி கமிட்டி கூடியது. மாமாவையும் வரச் சொல்லிவிட்டார்கள். எதற்கென்று தெரியாமலே போனார். கிருபாகரன் உன் கடிதத்தை எல்லார் முன்னாலும் வாசித்தார். வாசித்து முடித்ததும் பழைய நோட்டை எடுத்து, 'கேட்சர் தவறு' என்பதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டுப் 'பிட்சர்' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். முப்பத்து மூன்று வருஷம் தப்பாக எழுதி வைத்திருந்தேனே என்று மாமா கையைப் பிடித்துக்கொண்டார். மாமா பேரைச் சுவரில் சேர்த்துவிட்டார்கள்.

உன் பேரை எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்களாம். இன்னும் முடிவாகவில்லை. உன் ஆபீசுக்கு யாரும் எழுதப்போவதில்லை என்று கிருபாகரன் சொல்லச் சொன்னார்.

மாமா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். சந்தோஷமா என்று கேட்டேன். டேங்க் மேல் போய் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

நான் சந்தோஷமாக இல்லை ஜெபா. அன்றைக்குப் பெரியவன் என் வயிற்றில் ஏழு மாசம். உடைந்த விரலோடு வந்தவருக்கு நான்தான் சோறு ஊட்டினேன். ஊட்டிக்கொண்டே, பிடித்திருக்கக் கூடாதா என்று நானும் ஒரு வார்த்தை சொன்னேன். ஊர் சொன்னதை நானும் சொன்னேன். அப்போது நீ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அதற்காகத்தான் அழுதேன்.

விழாவுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். சரோஜாவையும் சிநேகாவையும் கேட்டதாகச் சொல்.

செல்லம்மா

---

புதுப்பட்டினம் வாட்டர் டேங்க்
02.03.2025

மச்சான் ஜெபாவுக்கு,

தாவீது எழுதுறது. எனக்கு லெட்டர் நடை வராது, பேசுற மாதிரியே எழுதுறேன். விரல் மடங்காது, கையெழுத்து கோணலா கீது. பொறுத்துக்கோ. சர்க்கரை நூத்தி நாப்பதுல நிக்குது. சரோஜா, பாப்பா எல்லாம் நல்லா கீறாங்களா?

உங்க அக்கா உனக்கு எழுதின லெட்டரெல்லாம் கமிட்டி கூடுற வரைக்கும் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகினு இருந்தா. பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி தொறந்து வுடுறது யாரு? அவ கேட்டுல நின்னதை நாலு நாள் பாத்தேன்.

என்னிக்குத் தெரியும்னு நீ கேட்ப. பந்து உன் கைய வுட்டப்பவே தெரியும். வேகப்பந்து வர்ற சத்தமே வேற. ஏன் சொல்லலன்னா, ஆட்டம் போச்சு, விரல் போச்சு, உனக்கு ஒரு வேலையாவது வந்துது. அதையும் நான் வாயத் தொறந்து கெடுக்கணுமா? அவ்ளோதான்.

கோவம் இல்லன்னு மட்டும் நெனச்சுக்காத. நெறைய கோவம் கீது. ஓட்டக்கைன்னு கூப்புடுற ஒவ்வொரு தபாவும் உன் மூஞ்சிதான் ஞாபகம் வரும். நீ வேகமா போட்டதுக்கு இல்ல மச்சான். இருவத்தோரு வயசு, தேர்வாளன் குந்திகினு கீறான், யாருக்கும் ஆசை வரும். நீ தலையாட்டினே பாரு, அதுக்குத்தான்.

வேணான்னு தலைய அசைச்சிருந்தா நான் ஒரு விரல் காட்டியிருப்பேன். கிளவுஸை மேல தூக்கியிருப்பேன். அவன் சுத்திட்டான், படல. அந்தப் பந்து என் கிளவுஸுக்குள்ள வந்து வுழுந்திருக்கும். உன் வேகத்தையும் அந்தாளு பாத்திருப்பான், கோப்பையும் நம்ம கையில இருந்திருக்கும். உனக்கு அதே வேலை கெடைச்சிருக்கும். ஒண்ணுமே கொறைஞ்சிருக்காது. இதத்தான் டேங்க் மேல குந்திகினு முப்பத்து மூணு வருசமா நெனச்சுப் பாக்குறேன்.

உன் பேரு விசயம். எடுக்கணும்னு சொன்னவங்க கிட்ட ஒண்ணு சொன்னேன். அவன் பேரு இல்லாத சொவத்துல என் பேரும் வேணாம், ஏழு வருசம் அவன் போட்டதத்தான் நான் புடிச்சேன்னு சொன்னேன். வுட்டுட்டாங்க.

பதினாறாம் தேதி விழா தொடங்கறதுக்கு மின்னாடி கிரவுண்டுல ஒரு பந்து போடணுமாம், பழைய ஆளுங்கள வெச்சு. நான் குந்தப்போறேன். கிருபாகரன் என் பழைய முகமூடிக்குப் பெயிண்ட் அடிச்சு வெச்சுக்கீறாரு. போடுறதுக்கு ஆள் இன்னும் சொல்லல.

செல்லம்மா உன்கூட பேசறதுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆவும். வந்தா சோறு போடுவா, பேச மாட்டா. அதுக்கு நீ தயாரா வரணும்.

வர்றதா இருந்தா வர்றேன்னு எழுது. வரலன்னா வரலன்னு எழுது, நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன். எதுவா இருந்தாலும் சரி.

சும்மா தலையாட்டாத.

உன் மாமன்
தாவீது